விளக்குக்குள் வியர்வை: மின்னி பேயிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

வாகனத்தின் முகப்பு விளக்குக் கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய நீர்ப்படலம் படிந்திருப்பதைக் கண்டவுடன் எவரும் கேட்கும் கேள்வி, ‘தண்ணீர் எந்த வழியாக உள்ளே போயிற்று?’ என்பதாகும். விளக்கில் ஓட்டை விழுந்திருக்கிறது என்ற முடிவு இக்கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அடுத்து, ஓட்டையை அடைக்கும் முயற்சி தொடங்கும். ஆனால் விளக்கு பற்றிய தொழில்நுட்ப வரலாற்றை நோக்கினால், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இச்சிக்கலுக்கு ஒன்றுக்கொன்று எதிரான இரு தீர்வுகள் மாறிமாறி முன்வைக்கப்பட்டு வந்துள்ளமை புலனாகும். விளக்கை முற்றிலும் அடைத்துவிடுதல் ஒன்று; அதனை மூச்சுவிடச் செய்தல் மற்றொன்று. இன்றைய விளக்கு இரண்டாம் வழியைச் சேர்ந்தது. அதனைப் பார்க்கும் நம் கண்ணும் அதனைப் பற்றிப் பேசும் நம் சொல்லும் இன்னும் முதல் வழியிலேயே நிற்கின்றன. இந்த இடைவெளியால் இழப்புக்குள்ளாகிறவர்கள் ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் வண்டி ஓட்டுகிறவர்கள்.

அத்தகைய ஊர்களுள் ஒன்று மின்னி பே. அந்தமான் தலைநகரான போர்ட் பிளேரின் ஒரு பகுதி அது. நகரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என மாற்றப்பட்டது. தமிழ்ச் செவிக்கு ‘மின்னுதல்’ என்ற வினை அப்பெயரில் ஒலிக்கும். உண்மையில் அது அபர்டீன், ஃபீனிக்ஸ் பே முதலான ஆங்கிலப் பெயர்களின் வரிசையில் வருவது. தமிழ் ‘மின்’னோடு தொடர்பற்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். எனவே விளக்கின் ஈரத்தை எச்சொல்லால் குறிப்பது என்பது அங்கே தமிழுக்கும் உரிய வினாவாகிறது.

இவ்வூரின் சூழலை மூன்று எண்களால் உணர்த்தலாம். போர்ட் பிளேரின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர். சென்னையின் மழையளவைப்போல் இரு மடங்கு. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே தீவுகளை நனைப்பதால் மே முதல் டிசம்பர் வரை காற்று உலர்வதற்கு இடைவெளி குறைவு. இது முதல் எண். இரண்டாவது, கடிகாரம் பற்றியது. போர்ட் பிளேர் சென்னையிலிருந்து கிழக்கே 12 பாகைக்கும் சற்றுக் கூடுதலான தொலைவில் உள்ளது. ஆனால் இரண்டு ஊர்களிலும் கடிகாரம் ஒன்றே. ஆகவே அங்கே சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாகக் கதிரவன் மறைகிறது. டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே அந்தி வந்துவிடும். அலுவலகமும் பள்ளியும் முடிந்து வீடு திரும்பும் பயணமே விளக்கொளியில் நிகழும். மூன்றாவது எண், தொலைவு. சென்னையிலிருந்து கடல்வழி ஏறத்தாழ 1200 கிலோமீட்டர். உடைந்த உதிரிப்பாகம் ஒவ்வொன்றும் இத்தொலைவைக் கடந்தே வர வேண்டும். ஈரம் மிகுதி, இருள் விரைவு, மாற்றுப்பாகம் தொலைவு என மூன்றும் ஒரே இடத்தில் கூடும்போது, பிற ஊர்களில் சிறு எரிச்சலாக மட்டும் இருக்கும் ஒரு நீர்ப்படலம் பாதுகாப்பையும் பணத்தையும் தொடும் சிக்கலாக வளர்கிறது.

இச்சிக்கல் வாகனங்களோடு தோன்றியதன்று. அதன் முதல் வடிவம் கலங்கரை விளக்கங்களில் காணப்பட்டது. பழைய 20 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் தென்னைகளுக்கு அப்பால் தெரியும் நார்த் பே கலங்கரை விளக்கம் போர்ட் பிளேர்த் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் நிற்பது. அது மின்விளக்குக் காலத்தைச் சேர்ந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, கலங்கரை விளக்கங்கள் எண்ணெய்த் திரிகளால் எரிந்தன. இன்றைய சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் தூண்வடிவில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கம் 1844-இல் ஒளிவீசத் தொடங்கியபோது உலகெங்கும் அதுவே நடைமுறை.

எண்ணெய் எரியும்போது ஒளியும் புகையும் மட்டும் தோன்றுவதில்லை, நீரும் தோன்றுகிறது. எண்ணெயிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் முழுதும் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகும் என்பது வேதியியல் கணக்கு. கலங்கரை விளக்கத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் இரவு முழுவதும் பல திரிகள் எரிந்தால், அந்நீராவி அனைத்தும் வெளிக்காற்றால் குளிர்ந்திருக்கும் கண்ணாடியின் உட்புறத்தில் படியும். குளிர்நாடுகளில் அது பனிக்கட்டியாக உறைந்து ஒளியை மறைத்தது. விளக்கு தன் ஒளியைத் தானே மறைத்துக்கொண்டது என்று சொல்லலாம்.

இதற்கு விடைகண்டவர் மைக்கேல் ஃபாரடே. மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவராக நாம் அறிந்த ஃபாரடே, 1836 முதல் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களைப் பேணிய டிரினிட்டி ஹவுஸ் அமைப்பின் அறிவியல் ஆலோசகராகவும் இருந்தார். 1840-களின் தொடக்கத்தில் அவர் வகுத்த முறை எளியது. எரிந்த காற்று கூண்டுக்குள் பரவுவதற்கு முன்பே அதனைத் தனிக் குழாய் ஒன்றின் வழியாக வெளியேற்றிவிட வேண்டும். கண்ணாடியைத் துடைப்பது, சூடாக்குவது, கூண்டை இறுக அடைப்பது ஆகிய எதையும் அவர் பரிந்துரைக்கவில்லை. காற்றுக்கு ஒரு பாதை அமைத்தார். அதற்கான காப்புரிமையைத் தம் உடன்பிறந்தார் ராபர்ட்டுக்கு விட்டுக்கொடுத்தார். விளக்கு மூச்சுவிட வேண்டும் என்ற கருத்துக்குத் தொழில்நுட்ப வரலாற்றில் கிடைக்கும் தெளிவான தொடக்கம் இதுவே எனலாம்.

சாலை வாகனங்களின் தொடக்ககால விளக்குகளும் இக்கருத்தையே பின்பற்றின. மாட்டுவண்டியின் அடியில் ஆடிக்கொண்டே சென்ற அரிக்கேன் விளக்கை எண்ணிப் பார்க்கலாம். ‘அரிக்கேன்’ என்ற அப்பெயர் புயலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம். புயற்காற்றிலும் அணையாத விளக்கு என்பது அதன் விளம்பரப் பொருள். அவ்விளக்குக்குள் காற்று கீழிருந்து புகுந்து மேலே வெளியேறத் திட்டமிட்ட வழிகள் உண்டு. சுடர் எரியும்வரை அதன் கண்ணாடியில் கரி பிடிக்கலாம், நீர் தங்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கால்சியம் கார்பைடுடன் நீரைச் சேர்த்து அசிட்டிலீன் வாயு உண்டாக்கும் விளக்குகள் மிதிவண்டிகளிலும் மோட்டார் வண்டிகளிலும் பொருத்தப்பட்டன. அவற்றின் தலைப்பகுதியிலும் புகைபோக்கி இருந்தது. சுடர் உள்ள இடத்தில் காற்றுவழி இன்றியமையாதது. அவ்வழியாகவே ஈரமும் போய்விடும். ஈரத்தை நீக்க வேண்டும் என்று தனியே எவரும் நினைக்கத் தேவையிருக்கவில்லை.

மின்விளக்கு வந்ததும் இந்நிலை மாறியது. 1912-இல் காடிலாக் நிறுவனம் மின்சாரத் தொடக்கியையும் மின்விளக்கையும் ஒரே அமைப்பாகத் தன் வண்டிகளில் பொருத்தியது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே சுடர் விளக்குகள் மறையத் தொடங்கின. மின்னிழைக்குக் காற்று தேவையில்லை. ஆகவே புகைபோக்கியும் தேவையற்றதாயிற்று. ஆனால் விளக்கின் கூடு இறுக மூடப்படவுமில்லை. முன்கண்ணாடி ஒரு வளையத்தாலும் ரப்பர் அல்லது தக்கைப் பட்டையாலும் பொருத்தப்பட்டிருந்தது. பல்பை மாற்றுவதற்காக அது கழற்றப்படும்போதெல்லாம் தூசும் ஈரமும் உள்ளே புகுந்தன. அக்காலத்து ஒளித்திருப்பிகள் வெள்ளி முலாம் பூசிய உலோகக் கிண்ணங்கள். வெள்ளி ஈரக்காற்றில் விரைவில் கறுக்கும். துடைத்தால் முலாம் தேயும். வண்டிக்கு வயது கூடக் கூட விளக்கின் ஒளி குறைந்துகொண்டே வந்தது. மூச்சுவிடும் வழியும் இல்லை, முழு அடைப்பும் இல்லை என்ற இந்த நடுநிலையே விளக்கு வரலாற்றின் மிகப் பலவீனமான கட்டம்.

அமெரிக்கா கண்ட தீர்வு முழு அடைப்பு. 1930-களின் பிற்பகுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் கண்ணாடியாலேயே ஒளித்திருப்பியையும் முன்வில்லையையும் செய்து, இரண்டையும் உருக்கி ஒன்றாக இணைத்தனர். உள்ளே மந்த வாயு. வெள்ளிக்குப் பதிலாக அலுமினியப் பூச்சு. முகப்பு விளக்கு முழுவதுமே ஒரு பெரிய பல்பாக மாறியது. ‘சீல்டு பீம்’ எனப்பட்ட இவ்விளக்கு, 7 அங்குல வட்டவடிவில், 1940-ஆம் ஆண்டு வண்டிகள் முதல் அமெரிக்காவில் பொது விளக்காயிற்று. ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்கு மேலாக அங்கே வேறுவகை முகப்பு விளக்குக்குச் சட்டம் இடமளிக்கவில்லை. ஐரோப்பா இதனை ஏற்கவில்லை. அங்கே பல்பை மட்டும் மாற்றும் விளக்குகளே தொடர்ந்தன. 1962-இல் ஹாலஜன் பல்பும், 1971-இல் ஒரே பல்பில் ‘டிம்’, ‘பிரைட்’ என இரு இழைகளைக் கொண்ட எச்4 ஹாலஜன் பல்பும் அவ்வழியில் வந்தவை.

இந்தியாவின் வண்டிகள் இவ்விரு மரபுகளையும் கண்டன. 1950-களின் பிற்பகுதியில் வெளிவந்து 2014 வரை உற்பத்தியில் இருந்த அம்பாசடரின் முகத்தை நினைவில் கொண்டுவந்தால் முதலில் தெரிவது இரு வட்ட விளக்குகள்தாம். அவ்வட்டம் பொது அளவிலானது. கார், ஜீப், லாரி, பஸ் எனப் பல வண்டிகளுக்கும் அந்த அளவு பொருந்தியது. 1961-இல் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் இணைந்து சென்னை பாடியில் நிறுவிய லூகாஸ்–டி.வி.எஸ்., வாகன மின்கருவிகளின் உற்பத்தியைத் தமிழகத்தில் வேரூன்றச் செய்தது. வட்ட விளக்கின் காலத்தில், எவ்வூரிலும் எந்த உதிரிப்பாகக் கடையிலும் ஒரு முகப்பு விளக்கு கிடைக்கும் என்ற நிலை இருந்தது. கண்ணாடி விரிசல் விட்டால் புதிய ‘சீல்டு பீம்’ ஒன்றை வாங்கி, நான்கு திருகுகளைக் கழற்றி மாற்றிவிடலாம். ஈரம் புகுந்த விளக்கு என்றால் உடைந்த விளக்கு என்று பொருள். ‘உள்ளே நீர் தெரிந்தால் அது பழுது’ என்னும் நம் இன்றைய எண்ணம் அக்காலத்துக்கு முற்றிலும் பொருந்தியது.

அமெரிக்காவில் இது முடிவுக்கு வந்தது 1983-இல். ஃபோர்டு நிறுவனத்தின் வேண்டுகோளை ஏற்று, பல்பை மாற்றக்கூடிய, வண்டியின் வடிவத்துக்கேற்ப வார்த்தெடுத்த பிளாஸ்டிக் விளக்குகளை அந்நாட்டு அரசு அனுமதித்தது. 1984-ஆம் ஆண்டு வரிசையான லிங்கன் மார்க் 7 அவ்வகையில் முதல் வண்டி. காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவம் எரிபொருளைச் சேமிக்கும் என்பது அன்றைய வாதம். அதற்குத் தட்டையான வட்டக் கண்ணாடி இடையூறு. 1990-களில் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் உலகெங்கும் முகப்பு விளக்கின் ‘கண்ணாடி’யாயிற்று. தமிழில் அதனை இன்றும் கண்ணாடி என்றே வழங்குகிறோம். பின்விளக்குகள் பெரும்பாலும் அக்ரிலிக்கால் ஆனவை. நம் பட்டறை வழக்கில் ‘டேஞ்சர் லைட்’. இந்தியாவிலும் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி வடிவிலான விளக்கு வந்தது. 1990-களின் பிற்பகுதியில் லூகாஸ்–டி.வி.எஸ்., ஜப்பானின் கொய்தோ நிறுவனத்துடன் சேர்ந்து சென்னைக்கு மேற்கே புதுச்சத்திரத்தில் வாகன விளக்குகளுக்கெனத் தனி ஆலையையே தொடங்கியமை இம்மாற்றத்தின் அடையாளம்.

பிளாஸ்டிக் விளக்கோடு ஈரம் திரும்பி வந்தது. அதன் இயற்பியலைச் சற்று விரிவாகக் காண்பது பயன்தரும். ஏனெனில் ஓட்டையே இல்லாமல் நீர் எப்படி வரும் என்ற ஐயம் இங்கேதான் தீரும்.

உள்ளளவு 10 லிட்டர் கொண்ட ஒரு முகப்பு விளக்கை எடுத்துக்கொள்வோம். அதனுள் இருப்பது காற்று. 30 பாகை செல்சியஸ் வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட காற்றில் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். அப்படியானால் 10 லிட்டர் காற்றில் கால் கிராம். அதாவது ஐந்து துளி நீர். இந்தக் காற்று ஏறத்தாழ 26 பாகைக்குக் குளிர்ந்தால் போதும், அது தாங்கக்கூடிய நீராவியின் எல்லை வந்துவிடும். இந்த எல்லையே பனிநிலை. மின்னி பே போன்ற ஊரில் 30 பாகைக்கும் 26 பாகைக்கும் இடையிலுள்ள தொலைவு ஒரு மழை பெய்யும் நேரம்தான். வெளிக்கண்ணாடி 24 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ அரைத்துளி நீர் அதன் உட்புறத்தில் படியும். அரைத்துளி என்பது மிகச் சிறிது. ஆனால் அது ஆயிரக்கணக்கான நுண்துளிகளாகப் பரவினால் விளக்கின் முகத்தையே மங்கச் செய்யப் போதுமானது.

இரண்டாவதாக, விளக்கு எரியும்போது உட்காற்று சூடாகி விரிகிறது. 25 பாகையிலிருந்து 65 பாகைக்கு உயர்ந்தால் காற்றின் கனஅளவு ஏறத்தாழ 13 விழுக்காடு கூடும். கூடு முற்றிலும் அடைபட்டிருந்தால் அழுத்தம் முழுவதும் ஒட்டுப்பசையின் மீதும் ரப்பர் மூடியின் மீதும் விழும். அணைத்தபின் காற்று சுருங்கும்; அப்போது வெளியிலிருந்து உறிஞ்சும். ஓடிவந்த சூட்டோடு வண்டி நீர்தேங்கிய சாலையில் இறங்கினாலோ, சூடான விளக்கின்மீது வேகமாக நீரைப் பீய்ச்சிக் கழுவினாலோ, அந்த உறிஞ்சல் காற்றுக்குப் பதிலாக நீரையே உள்ளிழுக்கும். இறுக அடைத்த விளக்கு பலவீனமான ஓரிடத்தில் இவ்வாறு தோற்றுப்போகிறது. கண்ணாடியை உருக்கி ஒன்றாக்கிய ‘சீல்டு பீம்’ இதனைத் தாங்கியது. வெவ்வேறு பிளாஸ்டிக்குகளை ஒட்டிச் செய்த பெரிய கூடு ஆண்டுக்கணக்கில் தாங்குவது அரிது.

மூன்றாவதாக, பிளாஸ்டிக்கே நீரைக் குடிக்கிறது. பாலிகார்பனேட் தன் எடையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நீரை ஈரக்காற்றிலிருந்து ஈர்த்துக்கொள்ளும். அக்ரிலிக் இன்னும் கூடுதலாக. அரைக் கிலோ எடையுள்ள முன்கண்ணாடியில் இவ்வாறு தங்கும் நீர், விளக்குக்குள் உள்ள காற்று மொத்தமும் தாங்கும் நீரைவிட அதிகம். விளக்கு சூடானால் அந்நீர் ஆவியாகி உள்ளே வரும்; குளிர்ந்த மூலையில் படியும். புதிய வண்டியில், எவ்வகைப் பழுதும் இல்லாமலே ஈரம் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த மூன்று காரணங்களாலும் பொறியாளர்கள் ஃபாரடேயின் வழிக்குத் திரும்பினர். விளக்குக் கூட்டின் பின்புறத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட காற்றுவழிகளை அமைத்தனர். கீழிருந்து மேலாகக் காற்று நகரும்படி அவை வைக்கப்பட்டன. நீர் நேரே ஏறாதபடி வளைந்த ரப்பர்க் குழாய்கள் அவற்றில் மாட்டப்பட்டன. பின்னர் நுண்துளைப் படலங்கள் வந்தன. 1969-இல் அமெரிக்கரான பாப் கோர், டெஃப்லான் என நாம் அறிந்த பொருளை விரைந்து இழுத்தபோது அது எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட படலமாக விரிவதைக் கண்டறிந்தார். அத்துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவு சிறியவை. நீராவி கடந்துசெல்லும் அளவு பெரியவை. மழைச்சட்டைகளுக்குப் புகழ்பெற்ற அப்படலம் காலப்போக்கில் வாகன விளக்குகளின் முதுகிலும் சிறு வட்டமாக ஒட்டப்பட்டது. இத்தகைய விளக்கில் ஈரம் வரும், போகும். வருவதைத் தடுப்பது அதன் நோக்கமன்று. வந்தது போவதை உறுதிசெய்வதே நோக்கம்.

இவ்வமைப்புக்கு ஒரு துணைவன் இருந்தான். அது ஹாலஜன் பல்பின் வெப்பம். எச்4 பல்பு 55 அல்லது 60 வாட் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதையே ஒளியாக்குகிறது, எஞ்சியது வெப்பமாகும். அவ்வெப்பத்தில் பெரும்பகுதி முன்னோக்கிப் பாய்ந்து கண்ணாடியைச் சூடாக்கும். படிந்த நீரும் ஆவியாகிக் காற்றுவழியே வெளியேறும். 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய இரு சக்கர வண்டிகளில் முகப்பு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்ற விதி வந்தது. அதன் நோக்கம் பகலிலும் வண்டி பிறர் கண்ணுக்குத் தெரிவது. ஹாலஜன் பொருத்திய வண்டிகளில் அது விளக்கை உலர்த்தும் ஏற்பாடாகவும் அமைந்துவிட்டது.

எல்.இ.டி. விளக்குகள் இத்துணையை நீக்கிவிட்டன. 2007-இல் லெக்சஸ் எல்.எஸ். 600 எச். வண்டியின் முகப்பு விளக்கில் எல்.இ.டி. இடம்பெற்றது, பின்னர் சில ஆண்டுகளில் சாதாரண வண்டிகளுக்கும் பரவியது. எல்.இ.டி.யும் வெப்பத்தை உண்டாக்குகிறது. ஆனால் அவ்வெப்பம் பின்புறமுள்ள உலோகத் தகட்டின் வழியே வெளியேற்றப்படுகிறது, முன்கண்ணாடிக்குப் போவதில்லை. ஒளி குளிர்ச்சியானது, கண்ணாடியும் குளிர்ச்சியாகவே இருக்கிறது. மின்சாரச் சிக்கனம் என்ற நற்பண்பே ஈரத்தைப் பொறுத்தவரை குறையாகிறது. கண்ணாடியின் உட்புறத்தில் நீரைத் துளியாக்காமல் கண்ணுக்குத் தெரியாத ஏடாகப் பரப்பும் பூச்சுகளும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களும் இப்போது கூடுதலாகச் சேர்க்கப்படுவது இதனால்தான்.

வரலாறு இதுவரை வந்தபின், சொல்லுக்குத் திரும்பலாம். தமிழ் வழிப் பாடநூல்களில் இந்நிகழ்வின் பெயர் ‘ஆவி சுருங்குதல்’. பேச்சுவழக்கில் அச்சொல் புழங்குவதில்லை. அதற்குப் பதிலாக வழக்குத் தமிழில் மூன்று வினைகள் உள்ளன. குளிர்ந்த நீர் நிறைந்த சொம்பின் மேல் துளிகள் அரும்பினால் சொம்பு ‘வியர்த்திருக்கிறது’ என்போம். கூரையிலோ குழாயிலோ ஓட்டை இருந்து நீர் வந்தால் ‘கசிகிறது’ என்போம். வந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கினால் ‘நீர் கோத்துக்கொண்டது’ என்போம். தலையில் நீர் கோத்தல் என்ற மருத்துவ வழக்கும் இதுவே. வியர்த்தல், கசிதல், கோத்தல் என்னும் இம்மூன்றும் விளக்கின் மூன்று நிலைகளைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டுகின்றன. வியர்த்தல் இயல்பு. கசிதல் பழுது. கோத்தல், பழுது முற்றிய நிலை.

இப்பகுப்பு வெறும் சொல்லாராய்ச்சியன்று. பணம் இதனைச் சார்ந்துள்ளது. பல நிறுவனங்களின் உரிமையாளர் கையேடுகள், விளக்குக்குள் தோன்றும் மெல்லிய மூட்டம் இயற்கையானது, அது உத்தரவாதத்தின்கீழ் வராது என்றும், பெருந்துளிகளோ தேங்கிய நீரோ காணப்பட்டால் சோதிக்க வேண்டும் என்றும் எழுதியுள்ளன. ஒரே நீரை உரிமையாளர் ‘கசிவு’ என்றும் பட்டறை ‘வியர்வை’ என்றும் சொன்னால், எச்சொல் வெல்கிறதோ அதற்கேற்பச் செலவு ஒருவர் தலையில் விழும். இன்றைய விளக்கு தனித்தனி உறுப்பாகக் கிடைப்பதில்லை. முழுக் கூடாகவே வாங்க வேண்டும். அது மின்னி பேக்குக் கடல் கடந்து வர வேண்டும். ஆகவே இரு பக்கமும் சொல்லைச் சரியாகப் பயன்படுத்துவது நியாயத்தின் முதல் படி.

பிரித்தறியும் வழி கடினமானதன்று. மூட்டம் மிக நுண்ணியதாக, கண்ணாடியின் குளிர்ந்த மூலையில், இரு விளக்குகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால், விளக்கை எரியவிட்டு வண்டியை ஓட்டும்போது படிப்படியாக விலகினால், அது வியர்வை. ஒரு விளக்கில் மட்டும் இருந்தால், துளிகள் திரண்டு கோடுகளாக வழிந்தால், அடியில் நீர் தேங்கினால், நாட்கள் கடந்தும் மறையாவிட்டால், அது கசிவு. கசிவின் காரணம் பெரும்பாலும் எளியது: பல்பை மாற்றியபின் சரியாகப் பொருந்தாத ரப்பர் மூடி, முடிவெட்டான ஒட்டு, மயிரிழை விரிசல், ஹாலஜன் கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பை நுழைக்க வெட்டப்பட்ட பின்மூடி.

தவறான சொல் தவறான மருத்துவத்துக்கு இட்டுச்செல்லும். வியர்வையைக் கசிவென்று எண்ணிக் கூட்டின் சுற்றெங்கும் சிலிக்கோன் பசை தடவினால், காற்றுவழியும் சேர்ந்து அடைபடும். உள்ளிருக்கும் ஈரம் அன்றுமுதல் சிறைப்பட்டுவிடும். இதற்கு நேர்மாறாக, கோத்துக்கொண்ட நீரை வடிக்கக் கூட்டின் அடியில் சிறு துளையிடும் பட்டறை வழக்கமும் உண்டு. நூல் கல்லாத கைகள் ஃபாரடேயின் தத்துவத்தை மீளக் கண்டறிந்த செயல் அது என்று பாராட்டத் தோன்றும். ஆயினும் படலமில்லாத வெறுந்துளை கடற்காற்றின் உப்பையும் உள்ளே விடும். உப்பு ஈரத்தை ஈர்ப்பது. ஒளித்திருப்பியின் அலுமினியப் பூச்சோ ஒரு மைக்ரான் தடிமனும் இல்லாதது. அது அரித்துப்போனால் விளக்கின் ஒளி மீளாது.

இதன் விலை ஒளியாகவே கணக்கிடப்பட வேண்டும். விளக்கொளியில், முன்னே 155 மீட்டர் தொலைவில் சாலையிலுள்ள ஆட்களும் வண்டிகளும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் கட்டளை. கண்ணாடியின் உட்புறத்தில் நிற்கும் ஒவ்வொரு நுண்துளியும் ஒரு சிறு வில்லை. சாலைமீது விழவேண்டிய ஒளியை அவை மேலும் பக்கமும் சிதறடிக்கும். ஓட்டுநருக்குச் சாலை மங்கும். எதிரே வருபவருக்குக் கண் கூசும். மாலை ஐந்து மணிக்கே இருளும் தீவில், மழையில், வளைவுகள் நிறைந்த சாலையில் இவ்விரண்டும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன.

அடைத்தலிலிருந்து மூச்சுக்கும், மூச்சிலிருந்து அடைத்தலுக்கும், மீண்டும் மூச்சுக்குமாக நகர்ந்த இவ்வரலாற்றில் ஒரு கேள்வி மட்டும் இன்னும் முழுமையாக எழுப்பப்படவில்லை. 7 அங்குல வட்டம் எல்லா ஊருக்கும் ஒரே விலையில் கிடைத்த பொதுப்பொருள். மூச்சுவிடும் விளக்கு அறிவுத்திறம் மிக்கது. ஆனால் அதன் படலமோ குழாயோ ரப்பர் மூடியோ தனியே எளிதில் கிடைக்காத நிலையில், சில ரூபாய் பெறும் உறுப்பு கெட்டால் பல ஆயிரம் ரூபாய்க் கூட்டையே மாற்றும்படி ஆகிறது. காற்றுவழியின் இடத்தைக் கையேட்டில் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் படத்துடன் காட்டுவதும், இச்சிற்றுறுப்புகளைத் தனியே விற்பதும் உற்பத்தியாளர்களுக்கு அரிய செயல்கள் அல்ல. கடல் சூழ்ந்த ஊர்களுக்கு அவை முதலில் வந்துசேர வேண்டும்.